முதலிடம் எந்தப் பாடலுக்கு?

(அண்ணனூரில் நடைபெற்ற நமது மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர் வசதிக்காகச் சற்றே சுருக்கித் தருகிறோம். - ஆசிரியர்)

 

சாப்பாடு தயாராகும் வரை அரை மணி நேரம் பேச வேண்டும். அது பிரசங்கமாக இருக்கக் கூடாது என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனக்குப் பிரசங்கமும் வராது. நாற்பது வருடம் லேத்தில் நின்றவன் நான். எனக்குத் தெரிந்தது இரண்டு விஷயம். ஒன்று இரும்பு, மற்றொன்று பழைய இங்கிலீஷ் பாட்டு. இரும்பைப் பற்றிப் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். ஆகவே பாட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

பிரிட்டனில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வாரமும் எந்த இசைத்தட்டு அதிகம் விற்றது என்று எண்ணிப் பட்டியல் போடுவார்கள். 1952 நவம்பர் 14 அன்று 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற பத்திரிகை அதைத் தொடங்கியது. அந்தப் பத்திரிகைக்காரர் ஒருவர் சுமார் இருபது கடைகளுக்கு டெலிபோன் செய்து, "இந்த வாரம் எது நன்றாகப் போயிற்று?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் அதன் ஆரம்பம். ஆல் மார்ட்டினோ என்பவர் பாடிய 'ஹியர் இன் மை ஹார்ட்' முதல் முதலிடத்தைப் பெற்று, ஒன்பது வாரம் அங்கேயே இருந்தது. அன்று முதல் இன்று வரை அந்தக் கணக்கு வாராவாரம் நடக்கிறது.

நாம் இங்கே அந்தப் பாட்டுகளை எப்படிக் கேட்டோம்? என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். தமிழ்ப் பாட்டானாலும் இங்கிலீஷ் பாட்டானாலும் அந்நாளில் இலங்கை வானொலிதான். தட்டு வாங்க வேண்டுமானால் அண்ணனூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகளைக் கிளற வேண்டும். 1985ல் அது எரிந்துபோகும் வரை என் சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேதான் போயிற்று. என் மனைவி அதோ சிரிக்கிறாள். அவளுக்கு அந்தக் கணக்கு தெரியும்.

இன்றைக்கு பிரிட்டனில் முதலிடம் பெற்ற பாடல்களில் ஏழை எடுத்து, நானே ஒரு வரிசை போட்டுக் காட்டப்போகிறேன். எத்தனை விற்றது என்பது கடைக்காரரின் அளவுகோல். மருத்துவமனைக் கூடுகையில் அது உதவாது. என் அளவுகோல் வேறு. வியாதியஸ்தர் ஒருவர் கட்டிலில் படுத்திருக்கிறார். அந்தப் பாட்டு அவருக்கு எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது? இதுதான் என் கேள்வி. வானொலியில் செய்வதுபோல் கடைசி இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஏழாம் இடம்

'டு தே நோ இட்ஸ் கிறிஸ்மஸ்?' 1984. இதைக் கடைசியில் வைத்தேன் என்றதும் சிலர் முகம் மாறுகிறது. நியாயம்தான். அந்த ஆண்டு அக்டோபர் 23 அன்று எத்தியோப்பியாவின் பஞ்சத்தை பி.பி.சி. காட்டியது. அதைக் கண்டு மனம் பதைத்த பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூர் என்ற இரு பாடகர்கள் இந்தப் பாட்டை எழுதினார்கள். புகழ்பெற்ற பாடகர்கள் பலர் நவம்பர் 25 அன்று லண்டனில் கூடி, சம்பளமில்லாமல் பாடினார்கள். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் தட்டுகள் விற்றன. ஐந்து வாரம் முதலிடம். பல லட்சம் பவுன் பசித்தவர்களுக்குப் போயிற்று. அந்தப் பணத்தால் பிழைத்தவர்கள் உண்டு. ஆகவே அதை நான் பழிக்க மாட்டேன்.

ஆனால் தலைப்பைக் கவனியுங்கள். "இது கிறிஸ்மஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறது. யாரைப் பற்றி? எத்தியோப்பியரைப் பற்றி! நாலாம் நூற்றாண்டிலேயே எசானா என்ற அரசன் காலத்தில் கிறிஸ்தவத்தை ஏற்ற தேசம் அது.  எத்தியோப்பியர் இன்றும் ஜனவரி 7 அன்று கிறிஸ்மஸ் ஆசரிக்கிறார்கள். பசியில் கிடந்தவனுக்கு அப்பத்தோடு ஓர் அவமானத்தையும் சேர்த்து அனுப்பியதுபோல் ஆகிவிட்டது. 1989, 2004, 2014 ஆகிய ஆண்டுகளில் புதுப் பாடகர்களை வைத்து மறுபடியும் பதிவு செய்தார்கள். மூன்று முறையும் முதலிடம். ஆப்பிரிக்காவை எப்போதும் கையேந்துகிற தேசமாகவே காட்டுகிறது என்று அங்குள்ள கலைஞர்களே வருத்தப்பட்டதும் உண்டு.

நன்கொடை கொடுக்கிற நமக்கு இதில் பாடம் இருக்கிறது. பிள்ளையின் எலும்பு தெரிகிற படத்தைப் போட்டால் காணிக்கை அதிகம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை வளர்ந்து ஒருநாள் அந்தப் படத்தைப் பார்க்குமே, அப்போது அதற்கு எப்படி இருக்கும்? இந்தப் பாட்டு கட்டிலைத் தூரத்திலிருந்து பார்க்கிறது. ஆகவே ஏழாம் இடம்.

ஆறாம் இடம்

'தி மில்லெனியம் பிரேயர்', 1999. பாடியவர் கிளிஃப் ரிச்சர்ட். இவர் நம் தேசத்தில் பிறந்தவர். 1940ல் லக்னோவில் ஹாரி வெப் என்ற பெயரில் பிறந்தார். தகப்பனார் ரயில்வேக்கு உணவு வழங்கும் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை செய்தவர். நம்முடைய ஊரிலும் பாதி வீட்டில் ரயில்வே சோறுதான். ஆகவே அவரும் நம்ம ஆள்தான். 1948ல் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. 1966ல் லண்டனில் பில்லி கிரஹாம் கூட்டத்தில் தாம் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதை வெளிப்படையாக அறிக்கையிட்டார்.

இந்தப் பாட்டு வேறொன்றுமில்லை, கர்த்தருடைய ஜெபம். அதை 'ஆல்ட் லாங் சைன்' என்ற பழைய ஸ்காட்லாந்து ராகத்தில் பாடினார். நெடுநாள் அவருடைய தட்டுகளை வெளியிட்ட கம்பெனி இதை வெளியிட மறுத்தது. வானொலி நிலையங்கள் பல ஒலிபரப்ப முன்வரவில்லை. ஒரு சிறிய கம்பெனி மூலம் வெளியிட்டார். மூன்று வாரம் முதலிடம்! வருமானம் பிள்ளைகளுக்கான தர்ம காரியத்துக்குப் போயிற்று. இசையில் இது உயர்ந்ததென்று நான் சொல்ல மாட்டேன். மேடைப் பாட்டு, கொஞ்சம் கனம். ஆனாலும் அந்த ஜெபத்தில் "அவர்கள்" என்ற பேச்சே இல்லை. கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே தகப்பனிடம் ஒரே அப்பத்தைக் கேட்கிறார்கள். அதற்காக ஒரு படி மேலே வைக்கிறேன்.

ஐந்தாம் இடம்

'அமேசிங் கிரேஸ்', 1972. பாடியவர் யார் என்று கேட்காதீர்கள், பாட்டே கிடையாது. ராயல் ஸ்காட்ஸ் டிராகூன் கார்ட்ஸ் என்ற படைப்பிரிவின் பைப், பேண்டு வாத்தியங்கள் மட்டும். ஒரு வார்த்தைகூட இல்லாமல் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது.

பாமாலை எழுதிய ஜான் நியூட்டனை உங்களுக்குத் தெரியும். அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலின் தலைவர். பிறகு ஓல்னி என்ற ஊரில் ஆயரானார். 1773ஆம் ஆண்டுப் பிறப்பு ஆராதனைக்காக இதை எழுதினார். வயதான காலத்தில் அடிமை வியாபாரத்துக்கு விரோதமாகத் தாம் கண்ணால் கண்டதைச் சாட்சியாக எழுதிக் கொடுத்தார். 1807ல் அந்த வியாபாரத்தை பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டத்தால் ஒழித்தது. அதே ஆண்டில்தான் அவர் கண்மூடினார். தன்னைத்தான் வியாதியஸ்தன் என்று சொல்லிக்கொள்கிற பாட்டு இது. நம் பக்கத்து அடக்க ஆராதனைக்கு பேண்டுக்காரர்கள் இந்த ராகத்தை வாசிக்கும்போது, இங்கிலீஷ் தெரியாத பாட்டியும் கண்ணைத் துடைக்கிறாள். வார்த்தை இல்லாமலே அது போய்ச் சேருகிறது.

நாலாம் இடம்

'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்', 1978. போனி எம் குழு. இது வந்தபோது எங்கள் பாடகர் குழுத் தலைவருக்குக் கடும் கோபம்: "சங்கீதத்தை டான்ஸ் ஆட வைத்துவிட்டார்களே!" ஐந்து வாரம் முதலிடம், பிரிட்டனில் மட்டும் ஏறக்குறைய இருபது லட்சம் விற்பனை. நம் ஊர்க் கல்யாண வீடுகளிலும் கேசட்டில் ஓடிற்று.

இது 137ஆம் சங்கீதம். முதலில் பாடியவர்கள் மெலோடியன்ஸ் என்ற ஜமைக்காக் குழுவினர், 1970ல். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பாபிலோனில் சிறையிருந்தவர்களிடம், சிறைபிடித்தவர்கள் தங்களை மகிழ்விக்கப் பாடச் சொன்னார்கள். அன்னிய தேசத்தில் எப்படிப் பாடுவது என்பதுதான் அவர்கள் துக்கம். இங்கே பாதிக்கப்பட்டவரைப் பற்றி மற்றொருவர் பாடவில்லை. பாதிக்கப்பட்டவரே வாய் திறக்கிறார்.

1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தது. வீட்டு ஜெபத்தில் அந்த அம்மா இந்தச் சங்கீதத்தைத்தான் வாசிப்பார்கள். பாதியில் நிறுத்திவிடுவார்கள். மீதியை அவர்கள் மகன் வாசித்து முடிப்பான். அதைக் கேட்ட பிறகு, அந்தத் தட்டைப் போட்டால் எனக்குக் கால் ஆடுவதில்லை.

மூன்றாம் இடம்

'ரிலீஸ் மீ', 1967. பாடியவர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க். பெயர் நீளம்தான், அது ஒரு பழைய ஜெர்மானிய இசையமைப்பாளரின் பெயர். மேனேஜர் இரவல் வாங்கி வைத்தார். சொந்தப் பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி. 1936ல் பிறந்தார். எங்கே? நம் மதராஸில்! தகப்பனார் பிரிட்டிஷ் இராணுவத்தில் இருந்தவர். பத்து வயதளவில் லெஸ்டர் என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்.

இந்தப் பாட்டின் பொருளை நான் சிபாரிசு செய்யவில்லை. ஒருவன் மனைவியிடம் விடுதலை கேட்கிற பாட்டு. ஆயர் அவர்கள் என்னை மன்னிப்பார்களாக. ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்நாளில் யாராலும் அசைக்க முடியாத பீட்டில்ஸ் குழுவின் புதுத் தட்டையே இரண்டாம் இடத்தில் நிறுத்திவிட்டது. 56 வாரம் பட்டியலைவிட்டு இறங்கவில்லை.

எனக்கு அதைவிட முக்கியமானது வேறு. 1961ல் இவருக்குக் காசநோய் கண்டது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதுவரை சேர்த்திருந்த சிறிய பெயரும் போயிற்று. எழுந்து வந்து, ஒன்றுமில்லாமையிலிருந்து மறுபடியும் தொடங்கினார். பெரிய மேடை நிகழ்ச்சி ஒன்றில் பாட வேண்டியவர் சுகவீனப்பட்டதால், அந்த இடத்தில் இவரை நிறுத்தினார்கள். அங்கேதான் இந்தப் பாட்டு ஜனங்களைப் பிடித்தது.

1968ல் எனக்கும் காசநோய் வந்தது. வயது இருபது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். இருமலில் இரத்தம் வந்ததால் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அது எது என்று இங்கே தேவையில்லை. ஊசியும் மாத்திரையும் சரியாகக் கொடுத்தார்கள், அதில் குறையில்லை. பார்க்க வந்தவர்கள்தான் வாசற்படியிலேயே நின்றார்கள். வாயில் கைக்குட்டை. சபையிலிருந்து வந்தவர்களும் ஜன்னலுக்கு வெளியே நின்று ஜெபித்துவிட்டு, ஆரஞ்சுப் பழத்தைக் கதவருகே வைத்துவிட்டுப் போனார்கள். அன்பில்லாமல் அல்ல, பயம். ஆனாலும் அந்தப் பழம் எனக்கு இறங்கவில்லை.

என் போர்மேன் ஓர் ஆங்கிலோ இந்தியர், பெரம்பூர்க்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நேராக உள்ளே வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்தார். "என்னா மேன், லேத்து உன்னைக் கேக்குது" என்றார். பக்கத்துக் கட்டில்காரரின் டிரான்சிஸ்டரில் 'ரிலீஸ் மீ' பாடிக்கொண்டிருந்தது. "இது யார் தெரியுமா? நம்ம மெட்ராஸ் பையன். இதே வியாதிதான் அவனுக்கும், இதே நெஞ்சுதான். இப்போ எப்படி மூச்சுப் பிடிக்கிறான் பார்!" என்றார். நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக, பிழைப்பேன் என்று நம்பினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசநோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை என்பதை உலகத்துக்கு நிரூபித்ததே நம் சென்னைதான். 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்ட ஏழைகளும், நல்ல சாப்பாட்டோடு சானடோரியத்தில் படுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சுகமடைந்தார்கள் என்று 1959ல் அவர்கள் வெளியிட்டார்கள். மருந்து ஒழுங்காகப் போனால் வீட்டாருக்கும் கூடுதல் ஆபத்தில்லை என்று தெரிந்தது. உலகம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே நிற்கிற பழக்கம் மட்டும் ஊருக்குள் இன்னும் முழுதும் போகவில்லை.

இரண்டாம் இடம்

'யூ வில் நெவர் வாக் அலோன்'. தனியாக நடக்க மாட்டாய் என்று பொருள். 1945ல் ஓர் அமெரிக்க இசை நாடகத்துக்காக எழுதியது. 1963ல் லிவர்பூலைச் சேர்ந்த ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் பாடி முதலிடம். அந்த ஊரின் கால்பந்து ரசிகர்கள் அதைத் தங்கள் கீதமாகவே எடுத்துக்கொண்டார்கள். 1985 மே மாதம் பிராட்ஃபோர்ட் கால்பந்து மைதானத்தில் தீப்பிடித்து 56 பேர் மாண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பல பாடகர்கள் சேர்ந்து பாடினார்கள், மறுபடி முதலிடம்.

மூன்றாவது முறை, 2020 ஏப்ரல். கொரோனா காலம். கேப்டன் டாம் மூர் என்ற 99 வயது முதியவர்; இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றியவர். இடுப்பு எலும்பு முறிந்தபோது தன்னைக் கவனித்த மருத்துவ ஊழியர்களுக்கு நன்றி செலுத்த, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு தன் தோட்டத்தை நூறு சுற்று நடக்கத் தீர்மானித்தார். ஆயிரம் பவுன் சேர்ந்தால் போதும் என்று நினைத்தார். சேர்ந்தது மூன்று கோடியே இருபது லட்சம் பவுனுக்கு மேல்! மைக்கேல் பால் என்ற பாடகரோடும் மருத்துவ ஊழியர் பாடகர் குழுவோடும் அவர் பாடிய இந்தப் பாட்டு முதலிடம் பெற்றது. நூறாவது பிறந்தநாளன்று அவர் முதலிடத்தில் இருந்தார்.

உண்மையை மறைக்கக் கூடாது. அவர் பெயரில் பின்னால் ஏற்பட்ட ஒரு தனி அறக்கட்டளையின் நிர்வாகத்தை 2024ல் பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் கடுமையாகக் கண்டித்தது. அவர் நடந்து சேர்த்த பணம் அதில் சேராது. அது மருத்துவ ஊழியர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல காரியத்துக்கும் கணக்குப் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். முன்பு படுக்கையில் கிடந்தவரே எழுந்து, தன்னைத் தூக்கியவர்களுக்காக நடக்கிறார். வாங்கினவர் கொடுக்கிறவராகிறார். அதனால்தான் இவ்வளவு உயரத்தில் வைத்தேன்.

முதலிடம்

'எ பிரிட்ஜ் ஓவர் யூ', 2015. கிறிஸ்மஸ் வாரத்தில் பிரிட்டனின் முதலிடம். பாடியவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். லண்டனில் லூயிஷாம், கிரீனிச் என்ற பகுதிகளிலுள்ள அரசு மருத்துவமனைகளின் ஊழியர் குழு. டாக்டர், நர்ஸ், பிசியோதெரபி செய்கிறவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

1970ல் முதலிடம் பெற்ற சைமன் அண்ட் கார்ஃபங்கல் பாட்டான 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்', கோல்ட்பிளே குழுவின் 'ஃபிக்ஸ் யூ' இரண்டையும் இணைத்துப் பாடினார்கள். முதல் பாட்டுக்கு ஒரு கறுப்பின நற்செய்திப் பாடகரின் வரிதான் தூண்டுகோல் என்று அதை எழுதிய பால் சைமனே சொல்லியிருக்கிறார். ஆக, அதன் வேர் சபைப் பாட்டில்தான் இருக்கிறது.

அந்த வாரம் போட்டியில் இருந்தவர் ஜஸ்டின் பீபர். உலகம் முழுவதும் இளைஞர்கள் கொண்டாடுகிற பாடகர். அவரே தம் ரசிகர்களிடம், "இந்த மருத்துவமனைக் குழுவின் பாட்டை வாங்குங்கள்" என்று கேட்டுக்கொண்டார். தன் முதலிடத்தை விட்டுக்கொடுத்தார். பிள்ளைகளே, உங்களுக்கு அவரைப் பிடிக்கும் என்று தெரியும். இதற்காக எனக்கும் பிடிக்கும். வந்த பணம் தர்ம காரியங்களுக்குப் போயிற்று.

குரலில் பிசிறு இருக்கலாம். இதைவிட நன்றாகப் பாடிய முதலிடங்கள் நூறு உண்டு. ஆனால் பாடுகிற இந்த வாய்க்குச் சொந்தமான கை, அன்று காலையில் யாருடைய புண்ணையோ கழுவியிருக்கிறது. யாருடைய படுக்கையையோ மாற்றியிருக்கிறது. பாட்டு முடிந்ததும் திரும்ப வார்டுக்குத்தான் போகிறார்கள். கட்டிலுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. ஆகவே என் வரிசையில் முதலிடம் இதற்கே.

அன்பானவர்களே, நீங்கள் அனுப்புகிற காணிக்கை ஐம்பது ரூபாயோ ஐயாயிரமோ, அதைக் கொண்டு கட்டிலருகே நிற்கிற கைகளைத்தான் தாங்குகிறீர்கள். ஒருநாள் நேரில் வாருங்கள். டிசம்பர் மாத கீதபவனி தெருவைச் சுற்றுவதோடு நிற்காமல் வார்டுக்குள்ளும் வரட்டும். மருத்துவர் அனுமதிக்கிற இடங்களில் உள்ளே வந்து உட்காருங்கள். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கையில் கொடுங்கள். அங்கே என்ன பாட்டுப் பாடலாம் என்று வியாதியஸ்தரையே கேளுங்கள். அவர் எம்.ஜி.ஆர். பாட்டு கேட்டால் அதையும் பாடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது.

சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது. என் வரிசையோடு ஒத்துப்போகாதவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடலாம். கர்த்தர் உங்களையும், படுக்கையில் இருக்கிற ஒவ்வொருவரையும், அவர்களைப் பராமரிக்கிற கைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.